தோட்டத்து ஓரத்தில் அரிய பாசி: தேடுவது, பதிவது, காப்பது எப்படி

பேராக்கில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை, நடுநடுவே மிச்சமிருக்கும் பால்மரங்கள், தெற்கே சிம்மோர் போகிற வழியில் கந்தான் மலை, வடமேற்கே பாடாங் ரெங்காஸ் பக்கம் போண்டோக் மலை. இந்தச் சுண்ணாம்பு மலைகளின் அடிவாரத்திலும், தோட்டத்து ஆற்றோரத்திலும், பழைய பாலத்துக்கு அடியிலும் பாசி (ஆங்கிலத்தில் moss என்கிறார்களே, அது) படர்ந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதில் எது எங்கும் முளைக்கக்கூடியது, எது அந்த ஒரு பாறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. தாவரவியல் படிக்காதவர்களும் இந்த வேலையில் கை கொடுக்க முடியும் என்பதால் எனக்குத் தெரிந்த முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அரிய பாசியைக் காப்பது என்றால் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பத்திரமான இடத்தில் நடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலும் செத்துவிடும். அது ஒட்டியிருக்கும் கல்லையும் மரத்தையும், மேலே விழும் நிழலையும், அங்கே கசியும் ஈரத்தையும் அப்படியே விட்டு வைப்பதுதான் காப்பது. கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் தொடக்கூடாது என்று மற்றவர்களுக்கு நிரூபிப்பதற்கான வழிகள்தான்.

ஏன் இடம் இவ்வளவு முக்கியம் என்றால், பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருக்கும் மெல்லிய நார்கள் பிடித்துக்கொள்வதற்குத்தான். தண்ணீரையும் சத்தையும் உடம்பு முழுக்க உறிஞ்சும், அதன் இலை பெரும்பாலான இனங்களில் ஒரே ஒரு செல் அளவு தடிமன்தான். ஆகவே மழைத்தண்ணீரில் வருவது, காற்றில் வரும் தூசி, பக்கத்தில் அடிக்கும் புல்லு மருந்தின் சாரல், எது வந்தாலும் தடுக்கத் தோல் இல்லை. இந்தக் குணத்தை வைத்துத்தான் சுவீடனில் 1960களின் பிற்பகுதியிலேயே காற்றில் விழும் ஈயம் முதலான உலோகங்களைப் பாசியை ஆராய்ந்து அளக்க ஆரம்பித்தார்கள்.

இனப்பெருக்கமும் எளிதில்லை. பாசி இனங்களில் பாதிக்கு மேல் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் அணு ஈரப்படலத்தில் நீந்தித்தான் பெண் செடிக்குப் போக வேண்டும், அதனால் சாதாரணமாகப் போகிற தூரம் சில சென்டிமீட்டர்தான். மண்ணில் இருக்கும் நுண்ணிய பூச்சிகளும் சுமந்து உதவுகின்றன என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள், ஆனாலும் தூரம் தூரம்தான். நடுவில் ஒரு கைப்பிடியைப் பிய்த்து எடுத்தால் அந்த இடைவெளியை அது தாண்டாமலே போகலாம்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் தாம்னோபிரையம் அங்குஸ்டிஃபோலியம் என்றொரு பாசி இருக்கிறது. உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில், சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் வழியும் ஓரத்தில், சில சதுர மீட்டர் பரப்பில் மட்டும் வளர்கிறது. எந்த இடம் என்று வெளியில் சொல்வதே இல்லை. சொன்னால் பார்க்க வருகிறவர்களின் காலடியே அதை முடித்துவிடும். நம் பக்கத்தில் சரவாக்கில் மட்டும் பதிவான டாக்ஸிதெலியெல்லா ரிச்சர்ட்சி என்ற பாசி, இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயூசிஎன் வெளியிடும், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, காடு போவதுதான் அதற்கு ஆபத்து. இன்னும் கிட்டத்தில் வந்தால், பாசி இல்லை என்றாலும் கந்தான் மலையையே சொல்லலாம்: லிபிஸ்டியஸ் கந்தான் என்று 1997-ல் பெயரிடப்பட்ட பொறிக்கதவுச் சிலந்தி அந்த ஒரு மலையில்தான் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நிலத்தில் சுண்ணாம்பு மலைகள் ஒரு விழுக்காடுகூடக் கிடையாது, ஆனால் 1970களில் எண்ணிப் பார்த்தபோதே பூச்செடியும் பெரணியுமாக 1,216 இனங்கள் அவற்றில் இருந்தன. பூச்செடியை எண்ணிய அளவுக்கு யாரும் பாசியை எண்ணவில்லை. நாம் நடந்து பார்ப்பதற்குப் பலன் இருக்கிறது என்று நான் நம்புவது அதனால்தான்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று, நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே அந்த வகை. மழைத்தண்ணீர் நிரப்பிய தெளிப்பான் ஒன்று, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் மழைத்தண்ணீர் நல்லது. அளவுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பத்துக் காசு நாணயம் அல்லது சின்ன ரூலர். நோட்டுப்புத்தகமும் பென்சிலும், பேனா ஈரத்தில் ஓடிவிடும். கைப்பேசி. அட்டைக்கு நீளக் காலுறை. அவ்வளவுதான்.

பாராங் (வெட்டுக்கத்தி) வேண்டாம். வழி வெட்டிக்கொண்டு போனால் வெயிலும் கூடவே உள்ளே வந்துவிடும்.

தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தோட்டத்தில் வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலில் நாகம் இருக்கும், அதன்மேல் ஏறாதீர்கள். சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் மழைக்கு மறுநாள் நிற்பது நல்லதில்லை, கல் விழும். ஈப்போ குனோங் சீரோவில் 1973-ல் மலை சரிந்து நாற்பது பேர் அளவில் இறந்தது பெரியவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே உட்கார்ந்து பாசி பார்க்காமல், தள்ளிக் கிடக்கும் பாறைகளில் பாருங்கள், அவற்றிலேயே நிறைய இருக்கிறது. அப்புறம், தோட்டம் யாருடையதோ அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வனக் காப்பகம் என்றால் வனத்துறையின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

பழகுவது வீட்டு வாசலில்

நேராக மலைக்குப் போகாதீர்கள். அரியதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சாதாரணமானது கண்ணுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும், அப்போதுதான் வேறொன்று வந்தால் உறுத்தும். அதற்கு லயத்துச் சாக்கடைச் சுவரே போதும்.

வழுவழுவென்று இலையில்லாமல் பச்சையாக இருப்பது ஆல்கா, அதை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது தண்டும் தண்டைச் சுற்றி இலையும் தெரிந்தால் அது பாசி. இலைகள் பக்கத்துக்கு ஒரு வரிசையாகப் படிந்து, நுனி பிளந்தோ மடிந்தோ, நடுநரம்பு இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் லிவர்வொர்ட். அதுவும் பாசிக்கு உறவுதான், அதையும் பதிந்து வையுங்கள், அதிலும் அழிகிற இனங்கள் உண்டு. செலாஜினெல்லா என்ற செடி பார்க்கப் பெரிய பாசியாகத் தெரிந்து ஏமாற்றும். அதன் தண்டு விறைப்பாக இருக்கும், மண்ணில் உண்மையான வேர் இருக்கும்.

சாக்கடையின் சிமெண்டுச் சுவரில் வெயில் நாளில் கருகிப்போன மாதிரி பழுப்பாக, ஒட்ட வெட்டிய முடி அளவுக்கு ஒரு படலம் இருக்கும். ஹையோஃபிலா இன்வொலூட்டா என்ற பாசியாக இருக்க நிறைய வாய்ப்பு. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வோர் இலையும் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு குழாயாகி இருப்பது தெரியும். கண்ணாடியை எடுக்காமலே இரண்டு முறை தண்ணீரைத் தெளியுங்கள். சுருண்டது விரிய ஆரம்பிக்கும், பழுப்பு போய்ப் பச்சை வரும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வேறு செடியாகிவிடும். காய்ந்த பாசி செத்த பாசி இல்லை என்பதை இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் "எல்லாம் காய்ந்து போச்சு, வழித்து எடுத்திடலாம்" என்று யாராவது சொன்னால் இதைச் செய்து காட்டுங்கள்.

செம்பனைத் தண்டில் பழைய மட்டை அடிகளுக்கு நடுவே வெளுத்த பச்சையில், தடித்த இலையோடு கொத்துக் கொத்தாக இருப்பது ஆக்டோபிளெஃபாரம் அல்பிடம். நம் தோட்டங்களில் இதைத் தேட வேண்டியதே இல்லை. மரத்தின் அடியில் மெத்தையாக வெளிறிக் கிடப்பது லூக்கோபிரையம். அதன் இலையில் வெளிப்பக்கத்துச் செல்கள் வெறுமையாகத் தண்ணீர் பிடித்து வைப்பதற்கென்றே இருக்கின்றன, அந்த வெளிறல் அதனால் வருவது. ஆற்றோர ஈரமண்ணில், இரண்டே வரிசை இலையோடு தென்னங்கீற்றைச் சுருக்கி வைத்தது போல் தட்டையாக இருந்தால் ஃபிசிடென்ஸ். நிழல்மரத்துப் பட்டையில் இருக்கும் பாசியின் இலை நுனியில் பச்சைத் துகள் குஞ்சம் தெரிந்தால் காலிம்பெரெஸ். அந்தத் துகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாகும்.

சுவரில் இருக்கும் பிரையம் வகையில் ஊசி மாதிரி காம்பு எழும்பி, நுனியில் தலைகீழாகத் தொங்கும் ஸ்போர்ப் பையைப் பாருங்கள் (ஸ்போர் என்பது பாசிக்கு விதை மாதிரியான நுண்துகள்). மூடி கழன்ற பை ஒன்று கிடைத்தால் அதன் வாயைச் சுற்றி வரிசையாகப் பற்கள் இருக்கும். மெதுவாக ஒரு மூச்சு விட்டால் ஈரம் பட்டு அந்தப் பற்கள் அசையும். ஸ்போரை ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் காற்றின் ஈரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு அந்த ஏற்பாடு. இனத்தைப் பிரிக்கும்போது நிபுணர்கள் முதலில் தேடுவதும் இந்தப் பையைத்தான், அதனால் படம் எடுக்கும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

எங்கே தேடுவது

இந்த ஆறேழு வகை கண்ணில் பழகிய பிறகு, தோட்டத்தில் மறுநடவு படாத இடமாகப் பார்த்துப் போங்கள். செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்துக்கு ஒரு முறை சாய்த்துவிட்டு மறுபடி நடுகிறார்கள், அந்தத் தண்டில் இருந்த பாசியெல்லாம் அதோடு முடிந்தது. ஆகவே செம்பனைத் தண்டில் அரியது கிடைப்பது கடினம். ஆற்றோரமாக வெட்டாமல் விட்ட மரங்கள், ஓடையில் பாதி முழுகிய பாறை, மட்கிப்போன பெரிய கட்டை, எஸ்டேட்டும் காடும் சேரும் எல்லை, சுண்ணாம்பு மலையில் தண்ணீர் சொட்டும் ஓரம், குகை வாயில் வெளிச்சம் மங்கும் இடம், இவைதான் நல்ல இடங்கள். காலையில் அல்லது, சுண்ணாம்பு மலை அடிவாரம் தவிர மற்ற இடங்களுக்கு, மழை விட்ட மறுநாள் போனால் பாசி விரிந்திருக்கும். ஓர் இடத்தைச் சட்டென்று தாண்டிப் போகாதீர்கள். ஒரு பாறையில் குந்தி, ஒரு கையகல இடத்தைக் கண்ணாடியால் முழுவதும் பார்த்து முடித்தாலே மூன்று நான்கு வகை கலந்திருப்பது தெரியும்.

பதிவது

பார்த்தவுடன் "அரியது" என்று முடிவு கட்ட முடியாது. பாசியை இனம் காண்பது இலைச் செல்லின் வடிவத்தை, செல்லின் மேல் இருக்கும் புடைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான். உங்கள் வேலை பெயர் சொல்வது இல்லை, பெயர் சொல்லக்கூடியவருக்குத் தேவையானதை எல்லாம் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுப்பது.

படம் எடுக்கும் வரிசை எனக்குப் பழக்கமானது இப்படி: முதலில் பத்தடி தள்ளி நின்று இடம் முழுக்கத் தெரிய ஒன்று, நாணயம் வைத்து முழுத் திட்டும் தெரிய ஒன்று, காய்ந்த நிலையில் கிட்டத்தில் ஒன்று, தெளித்த பிறகு அதே இடத்தில் ஒன்று, ஸ்போர்ப் பை இருந்தால் அது தனியாக. காய்ந்தபோது எடுக்க மறந்து தண்ணீர் தெளித்துவிட்டால் அன்றைக்கு அந்தத் திட்டு காயாது, ஆகவே தெளிப்பானை எப்போதும் கடைசியில் எடுங்கள். கைப்பேசிக் கேமராவில் கிட்டத்துப் படம் தெளியவில்லை என்றால் பூதக்கண்ணாடியை லென்ஸில் ஒட்டப் பிடித்து எடுத்தாலே போதும்.

நோட்டில் எழுத வேண்டியது: தேதி, ஜிபிஎஸ் எண், எதன்மேல் வளர்கிறது (மரம் என்றால் என்ன மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், கல் என்றால் சுண்ணாம்பா கருங்கல்லா), தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு வெயில் படுகிறது, திட்டின் அளவு, பக்கத்தில் என்ன வேலை நடக்கிறது. "ஆற்றோரத்தில் பார்த்தேன்" என்று மட்டும் எழுதினால் அடுத்த வருடம் உங்களாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

எத்தனை மரத்தில், எத்தனை பாறையில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் எண்ணுங்கள். காரணம் இருக்கிறது. ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் ஓர் இனத்துக்கு முதிர்ந்த தனியன்கள் 50-க்குக் கீழே இருந்தால் அது மிகவும் ஆபத்தான நிலை, 250-க்குக் கீழே என்றால் ஆபத்தான நிலை. பாசியில் ஒரு செடியை எப்படி எண்ணுவது? மெத்தையாகக் கிடப்பதில் ஆயிரக்கணக்கான தண்டு இருக்குமே. அதற்காக நிபுணர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: மரத்தில் வளர்வது என்றால் பாசி இருக்கும் ஒரு மரம் ஒரு தனியன், தரையிலோ பாறையிலோ வளர்வது என்றால் ஒரு சதுர மீட்டர் ஒரு தனியன். அப்படிப் பார்த்தால் ஆற்றோரத்தில் ஒரு நாள் காலையில் சாய்க்கிற பத்து மரம் ஓர் இனத்தின் கணக்கையே மாற்றிவிடலாம். உங்கள் நோட்டில் இருக்கும் "பதினான்கு மரம்" என்கிற ஒரு வரிக்கு இவ்வளவு கனம் உண்டு.

எடுக்கலாமா? கேட்காமல் எடுக்காதீர்கள். வனக் காப்பகத்திலிருந்து எதை எடுத்தாலும் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் மாட்டும். ஆராய்ச்சிக்காக எடுப்பதற்கு 2017-ல் வந்த உயிரியல் வளச் சட்டமும் இருக்கிறது. முதலில் படத்தை அனுப்புங்கள். நிபுணர் மாதிரி கேட்டு, அனுமதியும் அவர் வழியாகக் கிடைத்த பிறகு, கட்டைவிரல் நகம் அளவு, திட்டின் ஓரத்திலிருந்து, ஒரே ஒரு முறை. திட்டே உள்ளங்கையை விடச் சின்னதாக இருந்தால் அதுவும் வேண்டாம், படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத் தாளை மடித்து உறையாக்கி அதில் வைத்து, நிழலில் காய விடுங்கள். மருந்து எதுவும் தேவையில்லை. பாசி தானாகக் காய்ந்து, நூறு வருடம் கழித்து ஈரப்படுத்தினாலும் இலை விரிந்து பார்க்கக் கிடைக்கும். விவரத்தை உறையின் மேலேயே எழுதுங்கள், தனித் தாளில் எழுதினால் பிரிந்துபோகும்.

அனுப்ப வேண்டிய இடங்கள்: கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஃபிரிம். அதன் உலர்தாவரகமும் (காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) அழிந்துவரும் செடிகளுக்கான பட்டியல் வேலையும் அங்கேதான். மலாயாப் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரகத்தில் பாசிக்கென்றே நல்ல தொகுப்பு இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்துக்குப் பேராக்கில் கிளை உண்டு, தனியாகப் போகத் தயங்குபவர்கள் அங்கே சேர்ந்தால் துணையும் கிடைக்கும். பார்த்த உயிரினங்களின் படத்தைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடுவதானால் இடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டுத்தான் போட வேண்டும். முகநூலிலும் டிக்டாக்கிலும் இடத்தோடு போடவே கூடாது, படத்திலேயே இடம் பதிந்திருக்கும் என்பதால் வாட்சப்பில் ஆவணமாக அனுப்பும்போதும் கவனம்.

இடத்தைக் காப்பது

இதுதான் நீண்ட வேலை, இதில் தாவரவியலை விடப் பேச்சுத் திறமைதான் அதிகம் தேவைப்படும்.

முதலில் மருந்து. பாராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் வேறு புல்லு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். மேனேஜரிடம் போவதற்கு முன்னால் மருந்து அடிக்கும் ஆட்களிடம் போங்கள், எந்த இடத்தில் எப்போது அடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "அண்ணே, இந்தப் பாலத்திலிருந்து அந்தப் பெரிய கல் வரைக்கும் மருந்து வேண்டாம், பாராங்கால வெட்டி விட்டா போதும்" என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். "ஐயா கேட்டா என்ன சொல்றது தம்பி?" என்று திரும்பக் கேட்பார்கள், அதுவும் நியாயம்தான், அதனால் அடுத்து மேனேஜரிடம் நீங்களே போய்விட வேண்டும், அவர்கள் தலையில் கட்டக்கூடாது. இப்போது நிறைய இடத்தில் வங்காளதேசத்து ஆட்கள் வேலை செய்கிறார்கள், மலாயில் நான்கு வரி எழுதி இடத்தின் படத்தோடு கொடுத்தால் புரிந்துகொள்வார்கள்.

மேனேஜரிடம் பேசும்போது "அழகான பாசி ஐயா" என்று ஆரம்பிக்காதீர்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 முதல் எம்எஸ்பிஓ, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்வதற்கான மலேசியச் சான்றிதழ், கட்டாயம். அதில் ஆற்றோரப் பகுதியையும் பல்லுயிரையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி வரும், தணிக்கைக்கு ஆள் வருவார்கள். "ஆற்றோரத்தில் இந்த முப்பது மீட்டரை மருந்தில்லாமல் விட்டால் உங்கள் கோப்பில் காட்ட ஒரு பதிவு இருக்கும், படமும் எண்ணிக்கையும் நாங்கள் தருகிறோம்" என்று சொன்னால் அவருக்கும் அது பயன்படும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். வரைபடம் ஒன்று, படம் இரண்டு, என்ன வேண்டாம் என்பது மூன்று வரி: மருந்து அடிக்க வேண்டாம், நிழல் மரத்தை வெட்ட வேண்டாம், ஓடையைத் திருப்ப வேண்டாம்.

நிழல் மரம் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பாசியைத் தொடாமலே கொல்ல முடியும். பக்கத்து மரக்கிளை ஒன்றைக் கழித்து மதிய வெயில் நேராக விழும்படி செய்தால் போதும், சில மாதத்தில் அந்தத் திட்டு வெளுத்து உதிரும். சாக்கடைப் பாசி தாங்கும் வெயிலைக் காட்டுப் பாசி தாங்காது.

அடுத்து கோயில். சுண்ணாம்பு மலைக் குகைகளிலும் மலையடியிலும் நம் கோயில்கள் இருக்கின்றன, அந்தப் பாறை மீது நமக்குப் பக்தியும் உண்டு, அந்தப் பக்தியே பாசிக்குக் காவலாக இருக்க முடியும் என்பது என் எண்ணம். பிரச்சினை வருவது கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நடக்கும் சுத்தம் செய்யும் வேலையில்தான்: தண்ணீர் பீச்சும் மெஷினால் பாறையைக் கழுவுவது, பாறைக்கே பெயிண்ட் அடிப்பது, சொட்டும் தண்ணீரைச் சிமெண்டு பூசி அடைப்பது. ஆலய நிர்வாகத் தலைவரைத் தனியாகப் பார்த்து, நடைபாதையும் படியும் கழுவுங்கள், கைக்கு எட்டாத பாறையை விட்டுவிடுங்கள் என்று கேளுங்கள். வழுக்கி விழக்கூடாது என்ற கவலை நியாயமானது, படியில் இருப்பதைத் தேய்த்து எடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. விளக்குப் போடுவதிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இருட்டுக் குகைக்குள் நாள் முழுக்க எரியும் மின்விளக்கைச் சுற்றிப் பச்சையாக முளைப்பது குகையின் சொந்தச் செடி கிடையாது, விளக்கால் வந்தது, பாறையையும் கெடுக்கும். ஆள் இல்லாத நேரத்தில் விளக்கை அணைத்தாலே அது குறையும். அதை அரிய பாசி என்று நினைத்துக் காப்பாற்றப் போகாதீர்கள்.

விற்பனை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குடுவையில் தோட்டம் வைக்கப் பாசி கேட்டு இளைஞர்கள் காட்டுக்குப் போவதைப் பார்க்கிறேன். வேண்டாம். சொந்த வீட்டுச் சிமெண்டுத் தரையில் இருப்பதைக் கரண்டியால் எடுத்து வைத்தால் அது வளரும், மீன்தொட்டிக் கடையில் ஜாவா பாசி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. தயிரில் பாசியை அரைத்துப் பூசச் சொல்லும் வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, பூஞ்சை பிடிக்கத்தான் வாய்ப்பு அதிகம். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் பிரிஞ்சாங் உச்சிக் காட்டில் மரத்துப் பாசியைக் கையால் அமுக்கிப் பார்க்காமல் பலகைப் பாதையிலேயே நடந்தால் அதுவே உதவி.

இடம் எப்படியும் போகப் போகிறது என்றால் வேறொரு இடத்துக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். அது ஆய்வுக்கூடத்தின் வேலை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் அரிய பாசிகளைச் சோதனைக் குழாயில் வளர்த்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் உறைய வைத்துக் காக்கும் திட்டமே நடத்தினார்கள். நாம் மண்வெட்டியோடு இறங்குவதற்குப் பதில் உடனே ஃபிரிமுக்கு எழுதுவது மேல்.

திரும்பிப் போய்ப் பார்ப்பது

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். அடிக்கடி போனால் உங்கள் காலே பாதை போட்டுவிடும், அந்தப் பாதையில் மற்றவர்களும் வருவார்கள். அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். பாறையில் பெயிண்டால் அடையாளம் போடாதீர்கள். பெரிய கல்லிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று நோட்டில் எழுதினால் போதும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, ஓரம் எங்கே சுருங்கியிருக்கிறது, நடுவில் வெளுத்திருக்கிறதா, புல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புல் ஏறுவது வெயில் கூடிவிட்டதற்கு அடையாளம், மேலே நிமிர்ந்து எந்தக் கிளை போயிருக்கிறது என்று தேடுங்கள். சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதுங்கள், தேதியோடு.

இந்தப் பதிவு ஒரு நாள் எங்கே பயன்படும் என்று கேட்டால், மலையை உடைக்கவோ ஆற்றோரத்தை மனையாக்கவோ திட்டம் வரும்போதுதான். பெரிய திட்டங்கள் சிலவற்றுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்து மூலம் கருத்துக் கேட்பார்கள். அப்போது "எங்கள் மலையை அழிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் ஒரு தாளாகக் கிடக்கும். இந்த இடத்தில், இந்தத் தேதிகளில், இத்தனை பாறையில் இந்தப் பாசி இருந்தது, மாதிரி இந்த உலர்தாவரகத்தில் இந்த எண்ணில் இருக்கிறது, உங்கள் அறிக்கையில் பாசி பற்றி ஒரு வரியும் இல்லை, ஏன் என்று எழுதினால் அதற்கு அவர்களிடம் பதில் கேட்க முடியும். கடிதத்தை மலாயில் எழுதுங்கள், நகலை இயற்கைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.